பாப்பாவோட கோழி

வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த பஞ்சாரத்தைப் பார்த்துவிட்டு, கோழி வேண்டும் என்றாள் என் மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அவள் அப்பா சிங்கப்பூரில். நானும் அவளும் பூலாம்பாடியில் என் அம்மாவோடு இருக்கிறோம். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு வீடாவது இப்படித்தான்.

என்ன கோழி வாங்கலாம் என்று நான் கேட்டதுதான் தாமதம், ஆளுக்கொரு யோசனை வந்தது. தம்பி பெருவிடை என்றான். சித்தப்பா, கருங்கோழிக்குத்தான் விலை என்று கடக்நாத்தைச் சொன்னார். தீவனக்கடைக்காரர் வனராஜா என்றார். என்ன விலைக்குப் போகும், எத்தனை கிலோ வரும் என்றே பேச்சு ஓடியது. எதற்குடி உனக்குக் கோழி என்று பாப்பாவை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "குஞ்சு பொரிக்கிறதப் பாக்கணும்" என்றாள்.

அதோடு பெருவிடை போயிற்று. அது சண்டைக்கென்றே வளர்ந்த இனம். சேவல் நாலு கிலோ வரும், எகிறினால் கால்முள் குழந்தையின் முகத்துக்கு நேரே நிற்கும். பெட்டையும் முட்டை குறைவாகத்தான் இடும். ஆனால் அதைப் பற்றிப் பேச ஆண்களுக்கு எவ்வளவு இருக்கிறது! காகம், கீரி, மயில், வல்லூறு என்று நிறத்துக்கொரு பெயர், எந்த நிறம் எந்த நேரத்தில் ஜெயிக்கும் என்று சாஸ்திரம், 2011இல் ‘ஆடுகளம்’ என்று ஒரு சினிமா. அடைக்கோழியைப் பற்றி என் அப்பாயிக்குத் தெரிந்ததை யாரும் சாஸ்திரம் என்று சொன்னதில்லை.

வனராஜா ஐதராபாத் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. சென்னையில் உருவான நந்தனம் கோழியும் அந்த வகைதான். நியாயமாகச் சொன்னால் இரண்டும் சாதுவானவை, குழந்தை தூக்கினால் இருக்கும், வருஷத்துக்கு நூறு முட்டைக்கு மேல் இடும். முட்டை மட்டும் போதும் என்கிற வீட்டுக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் அடையில் உட்காருவதை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு முறையும் குஞ்சுக்குக் கடைக்குப் போக வேண்டும், காசுக்கு யாரிடமாவது கை நீட்ட வேண்டும்.

சைக்கிளில் ரோஸும் பச்சையுமாகச் சாயம் பூசிய குஞ்சு வருமே, அதை மட்டும் எந்தக் குழந்தைக்கும் வாங்கிக் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைக்கு உதவாத ஆண் குஞ்சுகள் அவை. முட்டையிடாது என்பதால் பொரித்த அன்றே கழித்துவிடுகிறார்கள். ஆணாகப் பிறந்ததற்காகக் கழித்துவிடுகிற இடமும் உலகத்தில் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றும். 2011 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு எங்கள் பெரம்பலூர் மாவட்டத்தில் 913 பெண் குழந்தைகள்தான், பக்கத்து அரியலூரில் 897.

கடைசியில் சிறுவிடைதான். ஒன்றரைக் கிலோவைத் தாண்டாத பெட்டை, குழந்தையின் இரண்டு கைக்குள் அடங்கும். நாய் துரத்தினால் வேப்பமரத்தில் ஏறிக்கொள்ளும். பன்னிரண்டு பதினைந்து முட்டை இட்டதும் தானே அடைக்கு உட்காரும். குஞ்சோடு இருக்கும்போது மட்டும் கையை நீட்டினால் கொத்தும். அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும்.

எனக்கும் ஒரு சிறுவிடை இருந்தது. செவலை. ஆறாம் வகுப்பில் அப்பாயி கொடுத்தது. முட்டை விற்ற காசு அப்பாயியின் சுருக்குப்பையில் என் கணக்கில் சேர்ந்தது. தம்பிக்கு மாமா ஒரு பெருவிடைச் சேவல் தந்திருந்தார். ஒரு நாள் மலேசியாவிலிருந்து அப்பாவின் சிநேகிதர் வந்தார். பள்ளிவிட்டு வந்தால் கொல்லையில் செவலையின் இறகு கிடக்கிறது. சேவல் வேலியோரம் நிற்கிறது. அதன் மேல் கை வைக்க யாருக்கும் தோன்றவில்லை. தாயில்லாத ஒன்பது குஞ்சுகள் பஞ்சாரத்துக்குள் கத்திக்கொண்டிருந்தன. மசாலா அரைத்தது அம்மா. தொடைக்கறி விருந்தாளிக்கும் அப்பாவுக்கும் தம்பிக்கும் போயிற்று. "ஒரு கோழிக்கா இப்படி அழுவுற?" என்று அப்பா சிரித்தார். அவர் கெட்டவரில்லை. அது என்னுடையது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை, அவ்வளவுதான்.

அப்பாயி ஒன்றும் பேசவில்லை. குஞ்சுகள் தேறியதும் கூடையில் போட்டு மேலத்தெருவில் ஒரு அக்கா வீட்டில் வாரத்துக்கு விட்டுவிட்டு வந்தது. வளர்ப்பது அவர்கள், பெருகுவதில் பாதி நமக்கு. அக்கம்பக்கத்துப் பெண்கள் பலரும் ஏன் தங்கள் கோழியை அடுத்த வீட்டில் வளர்த்தார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நம் வீட்டு ஆண்கள் அடுத்த வீட்டுக் கூட்டில் கை வைக்க மாட்டார்கள்.

சிறுவாட்டுக் காசு, கோழி எல்லாம் பொம்பளை சமாச்சாரம் என்று ஊரே சொல்லும். அரசாங்கமும் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் நாலு வாரக் குஞ்சு நாற்பதைப் பாதி மானியத்தில் கொடுத்தது. நல்ல திட்டம்தான். அந்தக் கோழிகளை எப்போது அறுப்பது என்று முடிவு செய்தது யார் என்று எந்தப் படிவத்திலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதனால் பாப்பாவுக்குக் கோழி வாங்கிய அன்றே வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன், இது அவள் கோழி, விற்கவோ அறுக்கவோ அவளைக் கேட்க வேண்டும் என்று. தம்பி சிரித்தான், அப்பாவின் அதே சிரிப்பு.

புள்ளிக்கோழி அடைக்கு உட்கார்ந்தபோது அம்மா கூடையில் மணல் பரப்பி, இடிக்கு முட்டை கலங்காமலிருக்கக் கரித்துண்டும் இரும்பு ஆணியும் போட்டது. இது எனக்கு நம்பிக்கையில்லை, ஆனாலும் எடுக்கச் சொல்லவில்லை. ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துக் காட்டினேன். சிலந்தி மாதிரி ரத்த நரம்பு தெரிந்தது. பாப்பா மூச்சே விடவில்லை. நரம்பு தெரியாத இரண்டைக் கூமுட்டை என்று எடுத்துவிட்டோம். இருபத்தொன்றாம் நாள் பத்து பொரித்தது.

பிறகு வந்ததெல்லாம் வேலை. பழைய பானையில் கிழிந்த சாக்கும் சாணியும் அடைத்துத் தண்ணீர் தெளித்துச் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால், காலையில் குஞ்சுகளுக்குக் கரையான். அப்புறம் மக்காச்சோளக் குருணை. எங்கள் ஊரில் சோளத்துக்கா பஞ்சம்? வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலியாகிவிடும். முதல் வாரத்திலேயே சொட்டு மருந்து போட்டோம். பிப்ரவரியில் நடக்கிற இலவச முகாமுக்கு ஒயர்கூடையில் தானே தூக்கிப் போனாள். இரண்டைப் பருந்து கொண்டுபோயிற்று. மிச்சத்தில் சேவல் நாலு. ஒன்றையொன்று கிழிக்க ஆரம்பித்ததும், இரண்டை விற்றுவிடலாம் என்று அவளே சொன்னாள். விற்ற அன்று ராத்திரி அழுதாள், அழுதுகொண்டே நோட்டில் கணக்கும் எழுதினாள்.

போன தீபாவளிக்குத் தம்பி கூட்டாளிகளோடு வந்தான். கொல்லைப்பக்கம் போய்ப் புள்ளிக்கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தது. "அது பாப்பாவோட கோழிடா. அவளக் கேளு."

கேட்டான்.

"இல்ல மாமா, அது மறுபடி அடைக்கு உக்காரப் போவுது."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வண்டியை எடுத்தான். ஒன்றரைக் கிலோ பிராய்லரோடு திரும்பி வந்தான்.