14.99 கிராம்

சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் கடத்தினால் தூக்கு. 1975இல் வந்த சட்டம் அது. நான் பிடிபட்ட 2010இல் குற்றம் உறுதியாகிவிட்டால் நீதிபதி மனம் இரங்கினாலும் வேறு தண்டனை தர வழியில்லை. என் குற்றப்பத்திரிகையில் முதலில் இருந்த எடை அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது. பிறகு அதை அடித்துவிட்டு, ‘14.99 கிராமுக்குக் குறையாதது’ என்று மாற்றினார்கள். ஏன் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அரசுத் தரப்புக்கு இல்லை. நான் உயிரோடு இருப்பது அந்த ஒரு திருத்தத்தால்தான்.

விடியுமுன் ஜொகூர் பாருவிலிருந்து கடற்பாலம் தாண்டி வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்களில் என்னுடையதும் ஒன்று. வட்டிக்காரனிடம் பட்ட கடனுக்காக ‘சாமான்’ ஏற்றினேன். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் சீட்டைக் கழற்றினார்கள். செய்தித்தாளில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட பொட்டலம், உள்ளே பழுப்புச் சர்க்கரை போலக் குருணை. அந்தத் தொழிலில் அதற்கு ஒரு ‘பாத்து’ என்று பெயர். அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆய்வுக்கூடத்தில் கலப்படத்தைக் கழித்துப் பார்த்தால் சுத்த ஹெராயின் சுமார் 10, 15 கிராம்தான் தேறும். உயிரா தூக்கா என்பது ஒரே ஒரு பொட்டலத்துக்குள் இருக்கிறது. தூக்கிச் செல்பவன் கையில் வைத்துப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

விசாரணைக் காவலில் என்னோடு தைப்பிங் பையன் ஒருவன் இருந்தான். அவனும் மோட்டாரில் வந்தவன், அவனுக்கும் ஒரே பொட்டலம். எடை 16 கிராமுக்குச் சற்று மேல். அவன் குற்றப்பத்திரிகையை யாரும் திருத்தவில்லை.

எங்கள் இரண்டு அம்மாக்களும் ஈப்போவில் ஒரே பஸ் பிடித்து, இரவெல்லாம் பயணித்து ஜொகூர் பாருவின் லார்க்கினில் இறங்கி, அங்கிருந்து சாங்கி சிறைக்கு வருவார்கள். என் குற்றப்பத்திரிகையில் எடை குறைந்த வாரம் அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு, “நீ பொழச்சத அவகிட்ட எந்த வாயால சொல்லுவேன்? திரும்பிப் போறப்ப பக்கத்து சீட்டுல உக்காந்து வருவா” என்றார்.

எனக்கு விதித்தது 20 வருடமும் 15 பிரம்படியும். மரச்சட்டத்தில் குனியவைத்துக் கை கால்களைக் கட்டினார்கள். அடிபடக் கூடாத இடுப்பின் மேலே திண்டு வைத்தார்கள். மருத்துவர் நின்றிருந்தார். ஒருவர் உரக்க எண்ணினார். மூன்றாவது எண்ணுக்குப் பிறகு எனக்குக் குரல் மட்டும்தான் கேட்டது, எண் புரியவில்லை. சிமென்ட் தரையில் விரித்த பாயில் பல நாள் குப்புறப் படுத்துக் கிடந்தேன்.

2013இல் சட்டம் கொஞ்சம் தளர்ந்தது. வெறும் தூக்கிச் செல்பவனாக இருந்து, கடத்தல் கும்பலைப் பிடிக்க உருப்படியாக உதவியதாக அரசுத் தரப்பு சான்றிதழ் தந்தால், தூக்குக்குப் பதில் ஆயுள் தண்டனையும் பிரம்படியும் தரலாம். மரண தண்டனை பெற்றிருந்த பலரும் மனுப் போட்டார்கள், தைப்பிங் பையனும் போட்டான். எனக்கு இன்றும் ஆறாதது இதுதான்: கும்பலில் மேலே இருப்பவனுக்குப் பத்துப் பெயர் தெரியும். அடிமட்டத்தில் இருப்பவனுக்குத் தெரிந்தது ஒரு கைப்பேசி எண்ணும் ‘பாஸ்’ என்ற சொல்லும். கொடுக்கத் தகவல் இல்லாதவனுக்குச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்? அவனுக்குக் கிடைக்கவில்லை.

2022 ஏப்ரல் 27 அன்று இதே குற்றத்துக்காக நாகேந்திரன் தர்மலிங்கத்தைத் தூக்கிலிட்டபோது, அவருடைய அறிவுத்திறன் குறைவைச் சொல்லி உலகமெங்கும் குரல் எழுந்தது. தைப்பிங் பையனுக்காக அப்படி ஒரு குரலும் எழவில்லை. அவன் போன செய்தியே என் அம்மா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நன்னடத்தைக் கழிவு போக மீதியை முடித்து நான் ஊர் திரும்பியபோது அம்மா இல்லை. தைப்பிங் அம்மா இருக்கிறார். சர்க்கரை நோய்க்குக் கிளினிக் போகும்போது என் காரில்தான் வருவார். வழியில் கேட்பார்: “அவன அனுப்புனவன் யாருன்னு உனக்குத் தெரிஞ்சிருக்குமே, தம்பி?” தெரியாதும்மா என்கிறேன். அடுத்த முறையும் கேட்கிறார்.