செரட்டை

முதியோர் இல்லம் என்றாலே பெற்றவளைத் தெருவில் விட்ட பாவம் என்று கதை எழுதுகிறார்கள். வீட்டோடு இருந்து பார்க்க ஆள் உள்ளவர்கள் எழுதும் கதை அது. எங்கள் தெருவில் விடிந்தால் வீட்டில் ஆள் இருக்காது. அக்கா அண்டியாபீசுக்குப் போகிறாள். நான் நாகர்கோவிலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். இந்த நிலையில்தான் அம்மாவுக்கு வலது பக்கம் விழுந்தது. பக்கவாதம். பேச்சும் குழறிவிட்டது.

முதல் சில மாதங்களில்தான் கைகால் அதிகம் திரும்பும், தினமும் பயிற்சி வேண்டும் என்றார் டாக்டர். படுத்தே கிடந்தால் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிவிட வேண்டும், இல்லையென்றால் புண் விழும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார்கள். நல்ல காரியம். அவர்கள் போன பிறகு மிச்சப் பொழுதுக்கு யார்? ஆகவே மறுவாழ்வு இல்லம் தேடினோம். கட்டணம், கட்டில், டாக்டர் வரும் நாள் எல்லாம் கேட்க வேண்டியவைதான். நமக்கு அதற்கு மேலும் கேட்க இருக்கிறது.

முதல் இடத்தில் விண்ணப்பத்திலேயே ‘சமுதாயம்’ என்று ஒரு கட்டம். “எதுக்கு சார்?” “சும்மா, ரெக்கார்டுக்கு.” சமையல் சுத்த சைவம். அம்மாவுடையது மரச்சீனிக் கிழங்கும் நெத்திலியும் தின்று உழைத்த உடம்பு. வாரத்தில் ஒரு நாளாவது மீன் உண்டா என்றால், “மத்தவங்களுக்குப் பிடிக்காது” என்றார்கள். அந்த மற்றவர்கள் யார் என்று நாங்கள் கேட்கவில்லை. தெரிந்ததுதானே.

இரண்டாவது இடத்துக்கு அம்மாவையும் ஆட்டோவில் கூட்டிப் போனோம். “தட்டும் தம்ளரும் வீட்டிலேருந்து கொண்டாந்திருங்க. சுகாதாரம்.” அலமாரி நிறைய எவர்சில்வர் தட்டு அடுக்கியிருந்தது. கூடத்தில் எல்லாரும் அதில்தான் சாப்பிட்டார்கள். நாற்பது வருஷம் நாஞ்சில்நாட்டு வயலில் நாற்று நட்டவள் அம்மா. மேலத்தெருத் தொழுவங்களில் சாணி அள்ளி, சிரட்டையில் காப்பி வாங்கிக் குடித்தவள். அந்த அலமாரியைப் பார்த்துக் குழறிய வாயால் ஒரு சொல் சொன்னாள்: “செரட்ட.” ஆஸ்பத்திரி, விடுதி போன்ற இடங்களில் தீண்டாமையால் சேர்க்க மறுப்பது மட்டுமல்ல, சேர்த்த பிறகு பாகுபாடு காட்டுவதும் குற்றம் என்று 1955ஆம் வருடச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. சுகாதாரம் என்று பெயர் வைத்துவிட்டால் அதை எந்தப் போலீஸ் எழுதிக்கொள்ளும்?

அங்கே இரவில் கூடத்தை வெளியே பூட்டிச் சாவியை வாட்ச்மேன் வைத்துக்கொள்வார் என்றும் சொன்னார்கள். எனக்கு ஏர்வாடி நினைவு வந்தது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகம் எரிந்தபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். சங்கிலியை 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துவிட்டது. நடக்க முடியாதவளுக்கு வெளிப்பூட்டும் சங்கிலிதான்.

மூன்றாவது இடம் சின்னது. ஓட்டுக் கட்டடம். கழிப்பறையில் பிடித்து எழும்பக் கம்பி இருந்தது. ராத்திரியிலும் உள்ளிருந்து திறக்கும் கதவு. எந்த நேரமும் வந்து பார்க்கலாம். ஆயாம்மாவிடம் தனியாகப் பேசினோம். சம்பளம் எவ்வளவு, லீவு உண்டா, எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாய்? நாங்கள் போன மூன்று இடத்திலும் மலம் அள்ளுகிறவர்கள் நம் தெருப் பெண்கள்தான். இவள் ஒருத்திதான் அதே பானைச் சோற்றை அதே பெஞ்சில் உட்கார்ந்து தின்கிறவள். அங்கே சேர்த்தோம். மகளிர் குழுவில் கடன் வாங்கி மூன்று மாதம் கட்டினோம். இப்போது அம்மா கம்பு ஊன்றி நடக்கிறாள், இடது கையால் மீன் முள் எடுக்கிறாள்.

கடன் கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள்? ஏதுமற்ற முதியோருக்கு மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் என்று 2007ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 19ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அரசு ‘அமைக்கலாம்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள், ‘அமைக்க வேண்டும்’ என்று இல்லை. அந்தச் சொல்லை மாற்றச் சொல்லி நம் சங்கங்கள் தெருவில் இறங்க வேண்டும் தோழர்களே. அப்படி இல்லங்கள் வரும்போது, முதல் நாளே உள்ளே போய் அலமாரியில் தட்டு எல்லாருக்கும் ஒன்றாக அடுக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியதும் நாம்தான்.