நோயாளியிடமும் கேளுங்கள்

"சாமி, அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. தயவுசெய்து நீங்களும் சொல்லிவிடாதீர்கள்."

சில ஆண்டுகளுக்கு முன், கீழ்புத்துப்பட்டில் ஒரு வீட்டின் வாசற்படியில் நம்மை நிறுத்தி, மூத்த மகன் கைகூப்பிக் கேட்டுக்கொண்ட வார்த்தைகள் இவை. தந்தைக்கு இரைப்பையில் புற்றுநோய். அவரிடமோ "வயிற்றுப்புண்" என்று சொல்லியிருந்தார்கள். மருத்துவர் மகனைத் தனியே அழைத்துப் பேசினார், மகன் தாய்மாமனைக் கலந்துகொண்டார், சிகிச்சை முடிவாயிற்று, சவுக்குக் கொல்லை அடமானத்திற்குப் போயிற்று. நோயைச் சுமந்தவரைத் தவிர மற்ற எல்லாரும் அந்த ஆலோசனையில் இருந்தார்கள்.

நாம் உள்ளே சென்றோம். பெரியவர் நம் கையைப் பற்றிக்கொண்டு, "சாமி, நான் பிழைப்பேனா? உள்ளதைச் சொல்லுங்கள்" என்றார். நாம் என்ன சொன்னோம்? "ஆண்டவர் குணமாக்குவார், மருந்தை ஒழுங்காய்ச் சாப்பிடுங்கள்" என்றோம். அவர் கையை விட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதை அப்போதே நாம் உணர்ந்திருக்க வேண்டும். அவர் தேடியது தம்மோடு உண்மையாய்ப் பேசக்கூடிய ஒரே ஒரு மனிதரை. அந்த ஒருவராக நாம் இருக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து நள்ளிரவில் அழைப்பு வந்தது. நாம் சென்றபோது அவருக்கு நினைவில்லை. நோயில் பூசுதல் அளித்தோம். பாவசங்கீர்த்தனம் கேட்க வழியில்லை. அடக்கம் முடிந்தபின் கல்லறைத் தோட்டத்து மதிலோரம் அவருடைய அண்ணன் நின்றுகொண்டிருந்தார். வரப்புத் தகராறில் பதினோராண்டாகப் பேச்சு வார்த்தை இல்லாதவர். "இப்படி என்று தெரிந்திருந்தால் வந்திருப்பேனே, சாமி" என்று அவர் அழுத அழுகை இன்றும் நம் காதில் ஒலிக்கிறது. கொல்லையும் போயிற்று, ஆளும் போனார், ஒப்புரவும் போயிற்று.

அன்பார்ந்த வாசகர்களே, அந்த மகன் தீயவர் அல்லர். அன்பினால்தான் மறைத்தார். நம் குடும்பங்களில் இப்பழக்கம் வேரூன்றியதற்குக் காரணமும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் தங்கை 1923-ல் புற்றுநோயால் மாண்டார். அந்தத் துயரமே, பல ஆண்டு உழைப்புக்குப்பின், 1954-ல் சென்னை அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு ஒரு புற்றுநோய் மருத்துவமனையாக உருவெடுத்தது. அந்நாளில் புற்றுநோய் என்றால் சாவு என்றே பொருள். செய்வதற்கு ஒன்றுமில்லாதபோது சொல்லி என்ன பயன் என்று மறைத்தார்கள்.

இது நம் நாட்டு வழக்கம் மட்டுமன்று. 1961-ல் அமெரிக்க மருத்துவர்களிடையே கேட்டறிந்தபோது, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்ல விரும்பவில்லை. 1979-ல் அதே கேள்விக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் சொல்லவே விரும்பினர். பதினெட்டு ஆண்டுகளில் எண்ணமே தலைகீழாயிற்று. இன்று பல புற்றுநோய்கள், தொடக்கத்திலேயே கண்டால், குணமாகின்றன. குணமாக்கும் வழியும் ஒன்றல்ல, பல. வழிகள் பலவாகும்போது ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஆகவே இன்று மறைப்பது செய்தியை மட்டும் மறைப்பதாகாது. தேர்ந்துகொள்ளும் உரிமையையும் பறிப்பதாகும்.

இதை நமக்கு உணர்த்தியவர் அதே ஊரிலிருந்து மரக்காணம் உப்பளத்திற்கு வேலைக்குச் சென்றுவந்த ஒரு சகோதரி. மார்பில் ஒரு சிறு கட்டி. சதை எடுத்துப் பார்த்ததில் புற்று என்று தெரிந்தது. துணைக்கு நாமும் சென்றிருந்தோம். மருத்துவர் கேட்ட கேள்விக்கெல்லாம் கணவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவர் புன்னகையோடு அவரைக் கையமர்த்தி, "அம்மா, நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

பின்னர் இரண்டு வழிகளை விளக்கினார். ஒன்று, மார்பை முழுதும் எடுத்துவிடுவது. மற்றொன்று, கட்டியை மட்டும் எடுத்து, பிறகு சில வாரங்கள் நாள்தோறும் வந்து கதிர்வீச்சுப் பெறுவது. நம் மக்கள் "கரண்டு வைப்பது" என்பார்களே, அதுதான். இத்தாலி நாட்டு மிலான் நகரில் சிறு கட்டியுடைய 701 பெண்களிடம் இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1981-ல் முடிவை வெளியிட்டார்கள். இருபதாண்டு கழித்துப் பார்த்தபோதும் உயிர்பிழைத்தலில் இரு சாராரிடையே வேறுபாடு இல்லை. பிழைப்பது இரண்டிலும் ஒன்றேயானால், எது நல்லது என்பதை மருத்துவ நூல் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணின் வாழ்க்கைதான் சொல்ல வேண்டும்.

"என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்டார். "உப்பு வாருகிறேன்" என்று அச்சகோதரி கைகளை விரித்துக் காட்டினார். உப்புநீரில் ஊறி வெடித்த கைகள். மருத்துவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தபின் அந்தப் பக்கத்துக் கை வீங்கக்கூடும் என்றும், வெடிப்பின் வழியே கிருமி புகுந்தால் வீக்கம் பெருகும் என்றும், எவ்வழியைத் தேர்ந்தாலும் அந்தக் கையைக் காக்க வேண்டும் என்றும் விளக்கினார். நோயை அறிந்தவர் மருத்துவர். அந்தக் கைகளை அறிந்தவர் அப்பெண். இருவர் அறிவும் ஒன்றுசேர்ந்தபோதுதான் சரியான முடிவுக்கு வழி பிறந்தது.

அச்சகோதரி ஒரு வாரம் தவணை கேட்டார். கணவரோடு பேசினார், கோவிலில் வந்து அமர்ந்து செபித்தார். முழுதும் எடுத்துவிடுவது என்றே முடிவு செய்தார். படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டு வாரக்கணக்கில் நாள்தோறும் போய்வர முடியாது என்பது அவர் சொன்ன காரணம். வேறொரு பெண் வேறு முடிவு செய்திருப்பார், அதுவும் சரியே. "சாமி, என்னைக் கேட்டு முடிவானது என்பதால் எதையும் தாங்கிக்கொள்கிறேன்" என்றார் அவர். தாங்கியும் கொண்டார். அறுவைக்குப்பின் பாத்தியில் இறங்குவதை விட்டு, இன்று வீட்டோரமாய் ஆடு வளர்க்கிறார்.

இதனை நாட்டின் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் மட்டும் கையொப்பம் பெற்று, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிய வழக்கில், 2008 சனவரி 16-ஆம் நாள் நம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வயதுவந்து சுயநினைவுள்ள ஒருவரின் உடலைப்பற்றிய இசைவை, உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தாலொழிய, அவரிடமே பெற வேண்டும்; சிகிச்சையின் நன்மை, ஆபத்து, மாற்றுவழி, செய்யாவிட்டால் விளைவது ஆகியவற்றை விளக்கிய பின்பே பெற வேண்டும் என்பது அதன் சாரம்.

திருச்சபை இதை அதற்கும் முன்பே கற்பித்தது. 1957 நவம்பர் 24-ஆம் நாள் மருத்துவர்களிடையே உரையாற்றிய பாப்பிறை பன்னிரண்டாம் பத்திநாதர், நோயாளி அளிக்கும் இசைவுக்கு அப்பாற்பட்டு மருத்துவருக்குத் தனியுரிமை இல்லை என்று தெளிவுபடுத்தினார். உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாள நாம் கடமைப்பட்டவர்கள். தனக்கோ பிறர்க்கோ பெருஞ்சுமையாகும் அசாதாரண வழிகளை ஏற்கக் கட்டாயமில்லை என்றும் போதித்தார். இது உயிரைப் போக்கிக்கொள்ளும் உரிமையன்று. கருணைக்கொலையைத் திருச்சபை என்றும் ஏற்பதில்லை. ஆனால், எது பெருஞ்சுமை என்பதை அதைச் சுமப்பவரைக் கேளாமல் எவ்வாறு அறிவது?

எரிக்கோவின் வழியோரம் அமர்ந்திருந்த பார்வையற்ற பர்த்திமேயுவை நினைத்துப் பாருங்கள். அவனுக்கு வேண்டியது பார்வை என்பது கூட்டத்திற்கே தெரியும், ஆண்டவருக்குத் தெரியாதா? ஆயினும், தாம் என்ன செய்யவேண்டும் என்று அவனிடமே கேட்டார் இயேசு. கூட்டம் அவனை வாய்மூடச் சொன்னது. ஆண்டவரோ அவன் வாயைத் திறக்கவைத்தார். வைத்தியர்க்கெல்லாம் வைத்தியரே கேட்டாரென்றால், நாம் கேளாதிருக்கலாமா?

குடும்பத்தாருக்கு ஒரு விண்ணப்பம். உண்மையைக் கல்லெறிவதுபோல் எறிய வேண்டா. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதையே முதலில் நோயாளியிடம் கேளுங்கள். "எனக்கு எதுவும் சொல்லவேண்டா, மகனே பார்த்துக்கொள்ளட்டும்" என்று அவரே சொன்னால், அதுவும் அவர் முடிவே, அதை மதியுங்கள். அவர் சொல்லாமலே நாம் முடிவு செய்வதுதான் தவறு.

நோயாளிகளே, நீண்ட வரிசையில் காத்திருந்து உள்ளே போனதும் நா எழாது என்பதை அறிவோம். கேட்கவேண்டியதை முன்னிரவே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வேறு வழி உண்டா? ஒவ்வொன்றிலும் நன்மை என்ன, தொல்லை என்ன? எவ்வளவு நாள், எவ்வளவு செலவு? புரியாவிட்டால் மறுபடி தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மருத்துவரை வினவுவது அவரை அவமதிப்பதாகாது. உங்கள் தொழிலையும் வீட்டு நிலையையும் அவரிடம் மறைக்காதீர்கள்.

நம் போன்ற குருக்களுக்கும் இதில் பாடம் உண்டு. முன்பு "அவஸ்தைப் பூசுதல்" என்று அழைத்த அருட்சாதனத்தை, சாகும் தறுவாயில் உள்ளோர்க்கு மட்டுமன்று, கடும் நோயுற்ற எவர்க்கும் உரியதாகப் பாப்பிறை ஆறாம் சின்னப்பர் 1972-ல் புதுப்பித்தார். இன்னும் நம் வீடுகளில், சாமியார் எண்ணெயோடு வந்தால் அப்பாவுக்குத் தெரிந்துவிடுமே என்று அஞ்சி, நினைவு தப்பும்வரை நம்மை அழைப்பதில்லை. நோயாளி கண்விழித்திருந்து, தானே "ஆமென்" சொல்லிப் பெறவேண்டிய அருளை ஏன் தடுக்கிறோம்?

இப்போதும் வாசற்படியில் நம்மை நிறுத்திப் பிள்ளைகள் கைகூப்புகிறார்கள். நாம் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நான் பொய் சொல்லமாட்டேன், பயமுறுத்தவும் மாட்டேன். வா, அப்பாவிடமே கேட்போம்" என்கிறோம். உள்ளே சென்றதும் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு அமர்கிறோம். "ஐயா, உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கிறோம். அநேகமாய் எல்லாரும் முதலில் கேட்பது மருந்தையல்ல. சிலர் அண்ணனை அழைத்துவரச் சொல்கிறார்கள்.