அத்தா நட்ட அத்தி

சொற்களின் வேரைத் தேடுவது என் தொழில். அரபுச் சொல் எதுவாயினும், அதன் மூல எழுத்துகளைக் கண்டறிந்த பின்பே அகராதியைத் திறக்க வேண்டும் என்று மத்ரஸா மாணவர்களுக்கு முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். அத்தகைய நான், ஓர் அத்திக் குச்சியை வேர் பிடிக்க வைக்க இயலாமல் இரண்டு ஆண்டுகள் தோற்று நின்றதை வாசக அன்பர்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

செஞ்சியில் எங்கள் பூர்வீக வீட்டுக் கொல்லையில் ஒரு சீமை அத்தி நின்றது. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் நம் நாட்டு அத்தி அன்று அது. திருக்குர்ஆனின் 95ஆம் அத்தியாயத்திற்குப் பெயர் தந்த 'தீன்' இதுவே. பூனாவுக்கு அருகில் புரந்தர் வட்டாரத்தில் இது மிகுதியாக விளைகிறது. அவ்வட்டாரப் பழத்திற்கு 2016ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அத்தா அவர்கள் எங்கிருந்தோ ஒரு கன்றை வாங்கி வந்து கிணற்றடியில் நட்டார்கள். அந்த அத்தியாயத்தை எனக்கு ஓதக் கற்றுக்கொடுத்த நாளில், ஒரு பழத்தைப் பிட்டுக் காட்டி, "அத்தி பூப்பது அரிது என்று யார் சொன்னது? பூவெல்லாம் உள்ளேதான் இருக்கிறது" என்றார்கள். அவர்கள் மறைந்த பின் மரம் அம்மாவின் பொறுப்பாயிற்று. பாத்திரம் கழுவிய நீரெல்லாம் அதற்கே போகும்.

பின்னர் பாகப்பிரிவினைப் பேச்சு எழுந்தது. வீடு ஒன்று, உடன்பிறந்தோர் ஐவர். விற்றுப் பங்கிடுவதென்று முடிவாயிற்று. அம்மா மறுப்பேதும் சொல்லவில்லை. "அந்த மரத்தில் ஒரு கிளையாவது உன் வீட்டில் இருக்கட்டும், தம்பி" என்று மட்டும் சொன்னார்கள்.

முதல் முறை சித்திரை மாதத்தில் வெட்டினேன். பாறை மலைகள் சூழ்ந்த செஞ்சியின் கோடை எப்படிப்பட்டது என்பதை அறிந்திருந்தும், காலையும் மாலையும் நீர் ஊற்றினால் போதும் என்று எண்ணினேன். அம்மாவும் தம் பங்குக்கு ஊற்றினார்கள். பத்தே நாளில் குச்சிகள் அடிப்புறம் கறுத்து அழுகின.

மறு ஆண்டு தை மாதத்தில் வெட்டினேன். மூன்று வாரத்தில் பச்சை இலைகள் விரிந்தன. "பிடித்துவிட்டது, அம்மா" என்று ஓடிப் போய்ச் சொன்னேன். மனம் நிற்கவில்லை, ஒரு குச்சியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் இல்லை. வெட்டுவாயில் வெள்ளையாய்ச் சிறு தடிப்பு மட்டும் தெரிந்தது. மற்றவற்றையும் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஊன்றினேன். ஒரே வாரத்தில் அத்தனையும் வாடின.

அந்நாட்களில் ஒரு மாலை கோட்டைப் பக்கம் நடந்தேன். 1717ஆம் ஆண்டளவில் நவாப் சஆதத்துல்லாஹ் கான் எழுப்பிய பள்ளிவாசலைக் கடந்து போகையில், மதில் இடுக்குகளில் ஆலும் அரசும் முளைத்திருக்கக் கண்டேன். அத்திக்கு அவை ஒரே குலத்து உறவுகள். எவரும் நடாமல், எவரும் நீர் வாராமல், பறவை எச்சத்தில் விழுந்த வித்துகள் கல்லைப் பிளந்து வேர் ஓட்டியிருக்கின்றன. அங்கே வேண்டாத வேர். இங்கே வேண்டியும் வாராத வேர்! பிறகுதான் ஒன்று புரிந்தது. அவற்றை எவரும் பிடுங்கிப் பார்க்கவில்லை.

வெட்டிய குச்சியில் இலை முதலில் வருவது அதனுள் இருக்கும் சேமிப்பினால். தண்டில் தங்கிய மாவுச்சத்தைக் கொண்டு மொட்டு விரிந்துவிடும். விரிந்த இலையோ நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். ஈடு செய்ய வேர் இல்லை. ஆதலால் இலையைக் கண்டு மகிழ்வது ஏமாற்றத்தில் முடியக்கூடும். நான் கண்ட அந்த வெள்ளைத் தடிப்பு, வெட்டுக்காயம் ஆறி வருவதன் அடையாளம். அந்த நிலையில் அசைத்தால், புறப்படும் வேர் முனைகள் முறிந்துபோகும்.

நம் மார்க்கக் கல்வியில் 'உஸூல்' என்றால் வேர்கள், 'ஃபுரூஉ' என்றால் கிளைகள். வேரை விட்டுக் கிளையில் தொங்காதீர்கள் என்று எத்தனை மாணவர்களுக்குச் சொல்லியிருப்பேன்! ஆயினும் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவனிடம் நான் செய்தது வேறு. பேசாத பிள்ளை அவன். நாள்தோறும் எல்லார் முன்னும் எழுப்பி, "என்ன தெரியும், சொல்" என்று கேட்டேன். மூன்றாம் மாதம் அவன் தந்தையிடம், "இவனுக்குக் கல்வி பிடிக்காது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வாடிய குச்சிகளின் முன் அமர்ந்திருந்தபோது அவன் முகம் என் முன் வந்தது. நான் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்த முதல் கன்று அத்தி அன்று.

சென்ற மார்கழியில் கிரயம் முடிந்தது. வாங்கியவர் பெருந்தன்மையாகப் பத்து நாள் தவணை தந்தார். இனி வெட்ட மரம் இராது. பென்சில் பருமனில், நான்கு கணுக்கள் உள்ள ஆறு குச்சிகளை மட்டும் எடுத்தேன். அடிக் கணுவை ஒட்டிக் கீழே வெட்டி, பால் வடிந்து உலரும் வரை நிழலில் வைத்தேன். மணலும் தென்னை நார்க் கழிவும் கலந்த தொட்டியில், மேல் கணு மட்டும் வெளியே தெரிய ஊன்றினேன். ஈரம் காக்கக் கண்ணாடித் தாள் போன்ற பாலிதீன் உறையைக் கவிழ்த்தேன். விரல் நுனியால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டுமே நீர் தெளித்தேன். தொட்டிப் பக்கம் தண்ணீர்ச் செம்போடு வரவேண்டாம் என்று அம்மாவைக் கைகூப்பிக் கேட்டுக்கொண்டேன்.

12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு இஷ்பீலியாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், உழவைப் பற்றி 'கிதாபுல் ஃபிலாஹா' என்னும் பெருநூல் எழுதினார். உழவைக் குறிக்கும் அந்த 'ஃபிலாஹா'வுக்கும், பாங்கில் நாம் கேட்கும் வெற்றி என்னும் 'ஃபலாஹ்' சொல்லுக்கும் வேர் ஒன்றே. அகராதியில் பலமுறை படித்த செய்திதான். தொட்டிக்கு அருகில் கைகட்டி அமர்ந்திருந்த அந்த வாரங்களில்தான் அதன் பொருள் எனக்கு விளங்கியது.

இலை வந்தது, நான் தொடவில்லை. நான்கு குச்சிகள் வாடின, அப்போதும் தொடவில்லை. "வேர் விட்டதா, தம்பி?" என்று ஒவ்வொரு நாளும் லுஹருக்குப் பின் அம்மா கேட்பார்கள். "தெரியாது, அம்மா" என்பேன். இதற்கிடையே பழைய வீட்டைப் போலவே மரமும் வீழ்த்தப்பட்டது. அந்தச் செய்தியை நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

எழுபதாம் நாள் தொட்டியைச் சற்றே நகர்த்துகையில், அடித் துளையில் வெள்ளை நூல்போல் ஒன்று தெரிந்தது. அம்மாவை அழைத்துக் காட்டினேன். பார்வை மங்கிய கண்களைத் துளைக்கு அருகில் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்கள். பிறகு நிமிர்ந்து, சிறு பிள்ளைபோல் தயங்கிக் கேட்டார்கள்:

"இனி நான் தண்ணீர் ஊற்றலாமா?"