எண்ணூருக்கு ஒரு ராட்டினம்

சென்னை வரைபடத்தை விரித்து, பொழுதுபோக்குப் பூங்கா இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு பொட்டு வைத்துக்கொண்டே வாருங்கள். ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி., முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., தாம்பரம் தாண்டி 1995-இல் நவோதயா அப்பச்சன் கட்டிய கிஷ்கிந்தா, பூந்தமல்லி தாண்டி குயின்ஸ்லாந்து, கடைசியாக 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 600 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துத் திறந்த வொண்டர்லா. பொட்டெல்லாம் தெற்கிலும் மேற்கிலுமே விழும். ராயபுரத்துக்கு வடக்கே ஒன்றுகூட விழாது. இந்தப் பக்கம் வைக்க வேண்டிய பொட்டுகள் வேறு: அனல்மின் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, நிலக்கரி இறக்கும் துறைமுகம். நகரத்துக்கு வேண்டிய மின்சாரமும் டீசலும் வடக்கிலிருந்து போகின்றன. அந்த மின்சாரத்தில் சுற்றும் ராட்டினங்கள் தெற்கில் இருக்கின்றன.

எங்கள் பிள்ளைகள் ராட்டினமே பார்த்ததில்லை என்று சொல்லவரவில்லை. திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் மாசித் திருவிழாவுக்கு வளையல் கடையோடு ராட்டினமும் வந்துவிடும். பொங்கல் நேரத்தில் தீவுத்திடல் பொருட்காட்சி இருக்கிறது. மரணக் கிணறு, டெல்லி அப்பளம், ஜெயிண்ட் வீல். ஆனால் அதெல்லாம் வந்து போகிற சந்தோஷம். எண்ணூரிலிருந்து இள்ளலூர் போய்ச் சேர ரயில், பஸ் என்று மாறி மாறி அரை நாள் ஆகும். ஒரு ஆளுக்கு நுழைவுக் கட்டணம் ஆயிரத்தைத் தாண்டும். நாலு பேர் உள்ள குடும்பம் கடன் வாங்கித்தான் போய்வர வேண்டும்.

எண்ணூரின் முகத்துவாரக்குப்பம், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்தில் தென்கரையில் இருக்கிறது. வடக்கே பார்த்தால் காமராஜர் துறைமுகத்துக் கிரேன்களும் வடசென்னை அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் நிற்கும். சாயங்காலம் கரையேற்றிய ஃபைபர் போட்டுகளின் நிழலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். ஒரு பெரிய கம்பெனி வந்து, இந்தா நிலம், இந்தா பணம், உங்க ஊருக்கு ஒரு பூங்கா வரைஞ்சு குடுங்கன்னு சொன்னா என்ன வரைவீங்க?

பதில்களுக்குப் பஞ்சமே இருக்காது. துறைமுகத்திலிருந்து நிலக்கரி வரும் கன்வேயர் பெல்ட்டில் சீட்டு பொருத்தி ரயில் விட வேண்டும் என்றான் ஒருவன். "அத்த, அந்தப் பொகபோக்கி உள்ள நம்மள மேல ஏத்திட்டு, அப்டியே கீழ வுட்டா எப்டி இருக்கும்?" என்றான் இன்னொருவன். இங்கே இருந்த பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்ட பிறகு பிறந்த பையன் அவன். அவன் கேட்டது நடக்கக்கூடிய காரியம்தான். ஜெர்மனியில் கால்கர் என்ற ஊரில், கட்டி முடித்தும் ஒருநாள்கூட மின்சாரம் தராமல் கைவிடப்பட்ட அணு உலையை அப்படியே பூங்காவாக மாற்றிவிட்டார்கள். குளிர்விப்புக் கோபுரத்தின் வயிற்றுக்குள் ஊஞ்சல் ராட்டினம் சுழன்றுகொண்டே மேலே எழும்புகிறது. வெளிச்சுவரில் பிள்ளைகள் கயிறு கட்டி ஏறுகிறார்கள்.

கடைசியாக ஒரு சின்னப் பெண், எங்கள் ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவள், தனக்கு வேண்டியதைச் சொன்னாள்: "எறங்கி நின்னா கால் தெரியற தண்ணி."

அவள் சொன்னதைத்தான் நான் பெரியதாக நினைக்கிறேன். அதற்குக் காரணம் தோக்கியோ பக்கத்தில் இருக்கும் ஓர் ஊரின் கதை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

உராயசு என்பது அந்த ஊரின் பெயர். எதோ ஆறு தோக்கியோ விரிகுடாவில் சேரும் முகத்துவாரத்தில் இருந்த மீனவர் ஊர். சிப்பியும் கடற்பாசியும்தான் பிழைப்பு. ஆற்றின் மேலே இருந்த ஒரு காகித ஆலை கறுப்புக் கழிவு நீரைத் திறந்துவிட, சிப்பிகள் செத்தன. 1958 ஜூனில் நூற்றுக்கணக்கான மீனவர்கள் ஆலைக்குள்ளேயே புகுந்தார்கள். போலீஸோடு கைகலப்பு, பலருக்குக் காயம். அந்த வருடம் முடிவதற்குள் ஜப்பானில் நீர் மாசைத் தடுக்கும் முதல் சட்டங்கள் வந்தன. சட்டம் வந்ததே தவிர, ஊருக்குப் பழைய கடல் திரும்பவில்லை. 1962-இல் மீன்பிடி உரிமையில் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள், 1971-இல் முழுவதையும் கொடுத்துவிட்டார்கள். சிப்பி விளைந்த சேற்று நிலத்தில் மண் கொட்டி மேடாக்கினார்கள். அந்த மேட்டில்தான் 1983-இல் தோக்கியோ டிஸ்னிலாண்டும், 2001-இல் அதன் பக்கத்திலேயே டிஸ்னிசீயும் எழுந்தன.

டிஸ்னிசீ முழுக்க முழுக்கக் கடலையே கருவாகக் கொண்ட பூங்கா. உலகத்தின் அழகான பூங்காக்களில் ஒன்று என்று அதைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள், படங்களைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. உள்ளே துறைமுகம் இருக்கிறது, நீராவிக் கப்பல் இருக்கிறது. அமெரிக்காவின் கேப் காட் கரையில் இருப்பது போல ஒரு மீனவர் கிராமமும் இருக்கிறது. உண்மையான மீனவர் கிராமம் ஒன்று தன் கடலை விட்டுக்கொடுத்த இடத்தில், வேறொரு தேசத்து மீனவர் கிராமத்தின் நகலைக் கட்டி டிக்கெட் வாங்குகிறார்கள். உராயசு நகராட்சி அருங்காட்சியகத்தில் 1952-இல் அந்த ஊர்த் தெரு இருந்த மாதிரியே வீடு, கடை, படகு எல்லாம் செய்து வைத்திருக்கிறார்கள். அக்கறையோடு செய்திருக்கிறார்கள். ஆனாலும் அது அருங்காட்சியகம்.

எங்கள் கதையின் முதல் பாதி உராயசுவின் கதைதான். அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய்கள் கசிந்து கசிந்து எங்கள் உப்பங்கழியின் அடி மேடாகிவிட்டது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் ஆற்றை மூடியது. எங்கள் ஆட்கள் வாளியிலும் குடத்திலும் அதை மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் பக்கத்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டாம் பாதி இன்னும் எழுதப்படவில்லை. அதனால்தான் எங்கள் ஊருக்கு என்ன பூங்கா என்று யோசிப்பதை நான் வெட்டிப் பேச்சாக நினைப்பதில்லை.

பூங்கா என்றதும் ஃபைபர் பாறை, ஃபைபர் யானை, ஃபைபர் முதலை என்றுதான் எல்லோருக்கும் தோன்றுகிறது. கண்ணாடியிழை விரிப்பின் மேல் விரிப்பு வைத்து ரெசின் பூசும் அந்த வேலை எங்கள் கரையில் தினமும் நடக்கிறது. போட்டில் விரிசல் விட்டால் உரசி, பூசி, காயவைத்து மறுநாள் கடலுக்கு அனுப்புகிறார்கள். எங்கள் பையன்களால் எந்த முதலையையும் செய்துவிட முடியும். ஆனால் முதலை எதற்கு? என் பூங்காவில் பொம்மையே இருக்காது. நுழைவு வாயிலும் இருக்காது.

முதலில் வற்றம். நீர் இறங்கிய நேரத்தில் கழிக்குள் இறங்கி இறால் தடவுவார்களே, அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையையும் சேற்றோடு சேற்றாக விரித்து, மெதுவாகக் கூட்டிக்கொண்டே வருவார்கள். விரல் நுனியில் ஒரு துடிப்பு படும். அடுத்த நொடி இறால் கையில் இருக்கும். கை இரண்டும் தண்ணீருக்குள் இருப்பதால் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துப் பிடித்திருப்பார்கள். பிடித்ததைத் தலையைத் தூக்காமலே அதற்குள் போடுவார்கள். கண்ணால் பார்க்காமல் விரலால் பார்க்கும் வித்தை இது. இருளர் பெண்களும் எங்கள் ஊர்ப் பெண்களும் இதில் கைதேர்ந்தவர்கள். நகரத்துப் பிள்ளை ஒன்று அந்தச் சேற்றில் கையை விட்டு, முதல் துடிப்பை உணர்ந்து அலறட்டும். எந்த ரோலர் கோஸ்டரிலும் அந்த அலறல் வராது.

அடுத்தது அலை தாண்டுதல். போட்டைத் தள்ளி நிறுத்திக்கொண்டு, பெரிய அலைகள் வரிசையாக வந்து ஓயும்வரை காத்திருந்து, ஓய்ந்த அந்தச் சின்ன இடைவெளியில் பாய்ந்துவிட வேண்டும். ஒரு நொடி பிந்தினால் போட்டு குறுக்கே திரும்பிவிடும். எங்கள் பெரியப்பா அலையைப் பார்க்கவே மாட்டார், காதால் கேட்டுக்கொண்டு நிற்பார். "இப்ப" என்று ஒரே சொல்; எல்லாரும் தள்ளுவார்கள். லைஃப் ஜாக்கெட் மாட்டி, கடல் அமைதியான மாதங்களில் மட்டும், அவரைப் போன்ற ஆளை வைத்துக்கொண்டு வெளியூர்க்காரர்களை அழைத்துப் போகலாம். போவதற்கு முன் அவர்களையே முடிவெடுக்கச் சொல்ல வேண்டும்: அடிக்கும் காற்று வாடையா கச்சானா, ஓடும் நீரோட்டம் தெற்கிலிருந்து வரும் தெண்டியா வடக்கிலிருந்து வரும் வன்னியா, இன்றைக்கு வலை போடலாமா கூடாதா? கடலுக்குப் போகாமல் இருப்பதும் ஒரு முடிவு என்று அங்கேதான் புரியும்.

இரவுக்கும் ஒன்று யோசித்திருக்கிறேன். சில மாதங்களில் அமாவாசைக் கடலில் துடுப்பு போட்டால் தண்ணீர் மினுங்கும். மீன் கூட்டம் போகும் வழியெல்லாம் நீருக்கடியில் வெளிச்சம் ஓடும். அதைப் பார்க்க இருட்டு வேண்டும், துறைமுகத்து விளக்குகளுக்கு நடுவே இருட்டு கிடைப்பதே கஷ்டம். அதனால் இதை நான் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம் யார் நடத்துவது? பிரான்சில் புய் து ஃபூ என்று ஒரு பூங்கா இருக்கிறது. 1978-இல் சுற்று வட்டாரத்துக் கிராமத்து ஜனங்களே சேர்ந்து, தங்கள் மண்ணின் கதையை இரவில் பெரிய காட்சியாக நடித்துக் காட்டத் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்து இன்று அந்த நாட்டில் கூட்டம் அதிகம் வரும் பூங்காக்களில் ஒன்றாகிவிட்டது. ரோலர் கோஸ்டரை நம்பி அவர்கள் நடத்தவில்லை. அந்த இரவுக் காட்சியில் இன்றும் ஆயிரக்கணக்கான ஊர்க்காரர்கள் சம்பளம் வாங்காமல் நடிக்கிறார்கள். எங்கள் ஜனங்கள் சம்பளம் இல்லாமல் செய்ய வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். கதை யாருடையதோ அவர்கள் கையில் நிர்வாகம் இருக்கட்டும் என்கிறேன். முகத்துவாரக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்தால் போதும். பார்க்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரட்டும். மற்ற ஆறு நாளும் தொழில் நடக்க வேண்டும். தொழில் நின்றுபோனால் காட்டுவதற்கு ஒன்றுமே இருக்காது.

ஆனால் சாம்பல் படிந்த சேற்றில் யாரையும் கை விடச் சொல்ல முடியாது. அதனால் அந்தச் சின்னப் பெண் கேட்டதுதான் பூங்காவின் முதல் வேலை. கழியைத் தூர்வார வேண்டும். சாம்பல் குழாய்களின் கசிவு நிற்க வேண்டும். அலையாத்திச் செடிகள் கரையில் வேர் பிடிக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு பூங்காவின் செலவைவிட அதிகமாகவே இருக்கலாம். இருக்கட்டும், சாம்பலைக் கொட்டியவர்கள் கொடுக்க வேண்டிய பணம் அது.

2024 மார்ச்சில் வட சென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கக் கடற்கரைகளை அழகுபடுத்துவது பற்றிப் பேச்சு நடக்கிறது. நாளைக்கு ஏதாவது பெரிய ரிசார்ட் கம்பெனிக்கும் எண்ணூர் கண்ணில் படலாம். வரைபவர்கள் யாராக இருந்தாலும் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். படம் வரையும் முன்பு ஒரு விடியற்காலையில் வற்றம் பார்த்து முகத்துவாரத்துக்கு வந்து கழியில் இறங்குங்கள். வரைந்து முடித்ததும் ஊர்க்கூட்டத்தில் வைத்துத் தமிழில் படித்துக் காட்டுங்கள். அந்தக் கூட்டத்துக்கு இறால் தடவும் பெண்களையும் கூப்பிடுங்கள். அவர்கள் சரி என்று சொன்ன பிறகு முதல் கல்லை நடுங்கள்.