இடமா, ஆளா?

விளையாட்டைப் பற்றி எழுத நமக்கு என்ன தகுதி என்று நேயர்கள் வினவக்கூடும். வினவுவது நியாயமே. நஹ்வும் ஸர்ஃபும் கற்பித்து முப்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்த நாம், பந்தைக் கையால் தொட்டதே ஐம்பத்தேழாம் வயதில்தான். அதுவும் கடல் கடந்து போய், பேரனின் வற்புறுத்தலால் தொட்ட பந்து. ஆயினும் அந்தப் பந்தைச் சுற்றி எழுந்த ஒரு விவாதம் நம் நெஞ்சில் பழைய முள் ஒன்றை அசைத்துவிட்டது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

2024ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளை நாம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை அடுத்த டியர்பர்னில், நம் மகள் வீட்டில் கொண்டாடினோம். அரபு வமிசத்தினர் மிகுதியாக வாழும் ஊர் அது. கடைப் பலகைகளில் அரபி எழுத்தைக் கண்டபோது அந்நிய நாட்டில் இருக்கிறோம் என்ற எண்ணமே குறைந்தது. அண்டை வீட்டுப் பெரியவர் லெபனானிலிருந்து இளமையிலேயே குடியேறி, கார்த் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். நாம் பேசியது கிதாபு அரபி. அவர் பேசியது அடுப்பங்கரை அரபி. நாம் ஒவ்வொரு சொல்லுக்கும் இஃராபு வைத்துப் பேசுவதைக் கேட்டு, “உஸ்தாத், வானொலிச் செய்தி கேட்பதுபோல் இருக்கிறது!” என்று சிரிப்பார்.

அம்மாதம் 25ஆம் நாள் இரவு அவரும் அவர் மகனும் நம் மருமகன் வீட்டில் கூடினார்கள். அன்று டெட்ராய்ட் நகரில் ‘டிராஃப்ட்’ என்னும் வீரர் தேர்வு தொடங்கியது. மூன்று நாட்களில் ஏழே முக்கால் லட்சம் பேருக்கு மேல் திரண்டனர் எனக் கணக்குச் சொன்னார்கள். ஆட்டம் ஒன்றும் இல்லை. வெற்றி தோல்வி இல்லை. மேடையில் ஒருவர் வந்து பெயர் படிப்பார், அவ்வளவே. அதற்கு இவ்வளவு கூட்டமா என்று வியந்தோம்.

அமெரிக்கர் ‘ஃபுட்பால்’ என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அன்று. பந்து இருமுனையும் கூரிய நீள்வடிவம் உடையது. அதைக் கையால் எறிவதும் ஏந்தி ஓடுவதுமே ஆட்டத்தின் பெரும்பகுதி. பக்கத்துக்குப் பதினொருவர், ஒவ்வொருவருக்கும் ஓர் இடம், இடத்துக்கொரு தொழில். அணிகள் மொத்தம் 32. கல்லூரிகளில் ஆடிய இளைஞர்களை இவ்வணிகள் ஆண்டுதோறும் ஏழு சுற்றுகளில் முறை வைத்து எடுத்துக்கொள்கின்றன. முந்திய பருவத்தில் மிகவும் தோற்ற அணிக்கு முதல் முறை. வாகை சூடிய அணிக்குக் கடைசி முறை. எளியவனை முதற்பந்தியில் அமர்த்தும் இந்த ஏற்பாடு 1936இல் பிலடெல்பியாவில் தொடங்கியது. தன் முறையை வேறோர் அணிக்கு விலை பேசிக் கொடுக்கவும் அனுமதி உண்டு.

விவாதம் இங்கேதான் பிறக்கிறது. முறை வந்ததும் எந்த இடத்துக்கான வீரனை எடுப்பது? நம் மகள் வீட்டுக் கூடத்தில் அன்றிரவு மூன்று கட்சிகள் இருந்தன.

பெரியவரின் மகன் கணக்குத் தொழில் பார்ப்பவர். அவர் கட்சி ‘இடமே பெரிது’ என்பது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் ‘குவார்ட்டர்பேக்’ முதலில். அவனைக் காக்கும் ‘டேக்கிள்’, எதிரணியில் அவனைத் துரத்தும் வீரன், பந்தைப் பிடிப்பவன், பிடிப்பவனை மறிக்கும் ‘கார்னர்பேக்’ ஆகியோர் பிறகு. பந்தை ஏந்தி ஓடும் ‘ரன்னிங் பேக்’, நடுவில் நின்று தடுக்கும் ‘லைன்பேக்கர்’, வரிசையின் மையத்தில் நிற்கும் ‘சென்ட்டர்’ இவர்களெல்லாம் கடைசி. காரணமும் சொன்னார். ஓடிப் பெறும் தூரத்தைவிட எறிந்து பெறும் தூரம் மிகுதி. ஓடுபவனின் உடல் விரைவில் தேய்ந்துவிடும். மேலும் 2011 ஒப்பந்தத்துக்குப் பின் புது வீரனின் சம்பளம் அவன் எத்தனையாவதாக எடுக்கப்பட்டான் என்பதைப் பொறுத்தது. ஆடும் இடத்தைப் பொறுத்ததன்று. அணியின் மொத்தச் சம்பளத்துக்கோ உச்சவரம்பு உண்டு. ஆகவே சந்தையில் விலை மிகுந்த இடத்துக்கு ஆள் எடுத்தால் சில ஆண்டுகளுக்குப் பெரிய லாபம். விலை குறைந்த இடத்துக்கு எடுத்தால் நட்டம்.

பெரியவரின் கட்சி ‘ஆளே பெரிது’ என்பது. “1989இல் பாரி சாண்டர்ஸை மூன்றாவதாக எடுத்தோம். அவன் ரன்னிங் பேக்தானே? அவனைப் போல் ஒருவனை மறுபடி கண்டாயா?” என்றார். மகன் விடவில்லை. “பத்துப் பருவம் ஆடினார் வாப்பா. அந்தப் பத்திலும் பிளேஆஃப் ஆட்டத்தில் எத்தனை வெற்றி? ஒன்றே ஒன்று!” பெரியவர் தேநீரைக் கையிலெடுத்துக்கொண்டு மௌனமானார்.

நம் மருமகனின் கட்சி ‘தேவையே பெரிது’ என்பது. “மாமா, இந்த ஊர் அணியான லயன்ஸ் 2003, 2004, 2005, 2007 ஆகிய நான்கு ஆண்டுகளில் முதல் பத்துக்குள் வந்த முறைகளில் பந்து பிடிப்பவனையே எடுத்தார்கள். அவர்களில் கால்வின் ஜான்சன் மாமேதைதான். ஆனால் 2008இல் 16 ஆட்டம் ஆடி 16இலும் தோற்றார்கள். வீட்டில் அரிசி இல்லாதபோது நாலாவது தடவையாக நெய் வாங்கினால் எப்படி?” என்றார்.

இரண்டொரு பெயர்கள் படிக்கப்படுவதற்குள் மஃரிபு நேரம் வந்தது. தொழுது எழுந்ததும் விவாதம் விட்ட இடத்திலேயே தொடர்ந்தது. அன்றிரவு முதல் 12 முறைகளில் ஆறு குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டனர். முதல் 14 பேரில் தற்காப்பு வீரன் ஒருவன்கூட இல்லை. “பார்த்தீர்களா, இடமே பெரிது!” என்று மகன் துள்ளினார். லயன்ஸ் அணி 29ஆம் முறையிலிருந்து விலை கொடுத்து 24ஆம் முறைக்கு ஏறி ஒரு கார்னர்பேக்கை எடுத்தபோது, “தேவை!” என்று நம் மருமகன் மேசையைத் தட்டினார்.

பெரியவர் அப்போது முந்திய ஆண்டை நினைவூட்டினார். 2023இல் லயன்ஸ் 12ஆவதாக ஜாமிர் கிப்ஸ் என்னும் ரன்னிங் பேக்கையும், 18ஆவதாக ஜாக் கேம்பெல் என்னும் லைன்பேக்கரையும் எடுத்தார்கள். மதிப்பற்ற இடங்களுக்கு முதல் சுற்றை வீணாக்கினார்கள் என்று விமர்சகர் பலர் எள்ளினர். நடந்தது யாது? அப்பருவத்தில் 12 வெற்றி; 1993க்குப் பின் முதன்முறையாகப் பிரிவு வாகை; இறுதிப் போட்டிக்கு முந்திய ஆட்டத்தில் 34–31 என்ற கணக்கில்தான் தோல்வி. “இப்போது சொல், ஆளா, இடமா?” என்றார். மகனிடம் உடனடி விடை இல்லை.

இவற்றைக் கேட்டபோது நமக்கு நம் பாடம் நினைவுக்கு வந்தது. அரபி இலக்கணத்தில் ஒரே பெயர்ச்சொல் எழுவாய் இடத்தில் நின்றால் ‘ஸைதுன்’. செயப்படுபொருள் இடத்தில் நின்றால் ‘ஸைதன்’. இடம் மாறினால் ஈறு மாறும். ஆனால் ‘மப்னீ’ என்று ஒரு வகை உண்டு. எவ்விடத்தில் வைத்தாலும் அதன் ஈறு மாறாது. மாணவர்க்கு முதலில் கற்பிப்பது, சொல் எவ்வகை என்று அறியாமல் ஈறு வைக்காதே என்பதே. இதைப் பெரியவரிடம் சொன்னோம். “சாண்டர்ஸ் மப்னீ!” என்று உரக்கச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளாத ஒருவன் கூடத்தில் இருந்தான். நம் பேரன், பன்னிரண்டு வயது, வயதுக்கு மீறிய உடல்வாகு. உறங்கப் போகும்முன் நம் அருகில் வந்து, “நன்னா, சென்ட்டருக்கு மதிப்பே இல்லையா?” என்று கேட்டான். அவன் பிள்ளைகள் அணியில் ஆடும் இடம் அதுவே. குனிந்து நின்று, பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்து, உடனே எதிரே வருபவனைத் தாங்கிக்கொள்ள வேண்டும். ஆட்டம் ஒவ்வொரு தடவையும் அவன் கையிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் பார்ப்பவர் கண் பந்தின் பின்னே போய்விடுகிறது. பெரியவர்கள் மூவரும் மாலை முழுதும் அவன் இடத்தைக் கடைசிப் பட்டியலில் வைத்துப் பேசியதை அவன் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறான்.

நமக்குப் பதில் வரவில்லை. பதில் வராததற்குக் காரணம் அவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு முந்திய வேறொரு சிறுவன்.

அப்போது நாம் இளம் ஆசிரியர். மத்ரஸாவில் ஆண்டு முடிவில் ஆசிரியர் மூவர் அமர்ந்து பிள்ளைகளைப் பிரிப்போம். நம் பட்டியலில் இடங்கள் இரண்டே: மனனத்தில் வல்லவன் ஹிஃப்ழுக்கு, புத்தியில் கூரியவன் கிதாபுக்கு. அச்சிறுவன் இரண்டிலும் பிந்தியவன். ஆனால் புதிதாகச் சேர்ந்த சிறு பிள்ளைகள் அழுதால் அவன் மடியில்தான் அடங்குவார்கள். ஒரே எழுத்தை ஐம்பது தடவை சொல்லிக்கொடுத்தாலும் அவன் குரல் உயராது. இதை மூவரும் அறிவோம். அறிந்தும், ‘ஓதலில் பிந்துகிறான்’ என்று நம் கையாலேயே எழுதினோம். அவன் தகப்பனார் வந்து, “ஹஜ்ரத், வேற ஏதாச்சும் வழி இருக்கா?” என்றார். “இல்லை பாய், கடையில் சேர்த்துவிடுங்கள்” என்றோம். அவ்வாண்டே சிறுவர் வகுப்பைக் கவனிக்க ஆள் போதாமல் பிள்ளைகள் சிலர் நின்றுவிட்டனர். இடம் இருந்தது, ஆளும் இருந்தான். பட்டியலில் அந்த இடத்துக்குப் பெயர்தான் இல்லை.

மறுநாள் காலை பேரனை அழைத்துக்கொண்டு வீட்டுப் பின்புறத் தோட்டத்துக்குப் போனோம். கைலியும் தொப்பியுமாக நாம் நிற்க, அவன் குனிந்து பந்தைப் பின்னால் கொடுத்தான். முதல் பந்து நம் நெஞ்சில் மோதியது. இரண்டாவது கைவிரலை மடக்கியது. மகள் ஜன்னலிலிருந்து, “வாப்பா, கை பத்திரம்!” என்று கூவினாள். பத்துத் தடவை கொடுத்தான். பத்தும் ஒரே உயரத்தில், ஒரே இடத்தில் வந்தன. தவறியதெல்லாம் நம் கையே. “உன் பந்து ஒழுங்காக வராவிட்டால் குவார்ட்டர்பேக் என்ன செய்வான்?” என்று கேட்டோம். சற்று யோசித்து, “ஒன்றும் செய்ய முடியாது, நன்னா” என்றான். பிறகு அவனே, 2018இல் இந்த லயன்ஸ் அணி முதல் சுற்றிலேயே ஃபிராங்க் ராக்னோ என்னும் சென்ட்டரை எடுத்ததைச் சொன்னான். அவன் அதை முன்னரே அறிந்திருக்கிறான். யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தான் போலும்.

அந்தச் செய்தியில்தான் இரவின் விவாதத்துக்கும் ஒரு திறவுகோல் இருப்பதைக் கண்டோம். 2016இல் ஒரு டேக்கிள், 2018இல் சென்ட்டர், 2021இல் மற்றொரு டேக்கிள், 2022இல் எதிரணியைத் துரத்தும் ஏடன் ஹட்சின்சன் என்று முதல் சுற்றுகளில் அடித்தளம் இட்டு வைத்ததனால்தான், 2023இல் விரும்பிய ஆளை எடுக்கும் உரிமை அவர்களுக்குக் கிட்டியது. 2003 தொடங்கி அடித்தளம் இன்றியே மாடத்துக்குச் சித்திரம் தீட்டினார்கள், சுவர் விழுந்தது. ‘அல்அஹம்மு ஃபல்அஹம்மு’, அதாவது மிக முக்கியமானது முதலில், அதற்கடுத்தது பின்னர் என்று அரபியில் ஒரு வழக்கு உண்டு. அது மெய். ஆனால் எது முக்கியம் என்பதை ஊரார் எழுதிய பொதுப்பட்டியல் சொல்லாது. தன் வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்தவனே சொல்ல முடியும்.

இதனால் இளைஞரின் கணக்கு பொய் என்று ஆகிவிடாது. அடுத்த பருவத்தில் கிப்ஸ் 20 டச்டவுன் எடுத்தார். லயன்ஸ் 15 வெற்றி பெற்றது. ஆனால் 2024 அக்டோபரில் ஹட்சின்சனின் கால் முறிந்தது. 2025 ஜனவரியில் வாஷிங்டன் அணி டெட்ராய்ட்டுக்கே வந்து 45–31 என்று வென்றது. அவ்வணியை நடத்தியவர் ஜேடன் டேனியல்ஸ். அன்றிரவு இரண்டாவதாக எடுக்கப்பட்ட அதே குவார்ட்டர்பேக். மருமகன் தொலைபேசியில், “மாமா, பக்கத்து வீட்டில் இன்னும் முடியவில்லை. கால் முறியாதிருந்தால் என்று தகப்பன்; இடமே பெரிது என்று மகன்” என்றார். இடத்துக்கு விலை உண்டு என்பதை மறுப்பவன் தோற்பான். அந்த விலையையே ஆளின் விலையாக எழுதுபவனும் தோற்பான். முந்தியவன் ஆட்டத்தில் தோற்கிறான். பிந்தியவன் எதில் தோற்கிறான் என்பதை நாம் அறிவோம்.

வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்ற அதிகாரத்தை முன்னும் ‘தெரிந்து வினையாடல்’ என்பதைப் பின்னும் வைத்தார். முதலில் ஆளை அறிதல், பின்பு அவனுக்குரிய பணியை அளித்தல். பல்லாண்டு பாடம் சொல்லியும் அந்த வரிசையின் பொருள் நமக்குப் பின்புறத் தோட்டத்தில்தான் விளங்கியது.

ஊர் திரும்பிய பின் ஒரு நாள் அந்தப் பழைய மாணவரின் மளிகைக் கடைக்குச் சென்றோம். இப்போது அவருக்குத் தாடி நரைத்துவிட்டது. நம்மைக் கண்டதும் எழுந்து நின்று ஸலாம் சொல்லி, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அழுத ஒரு குழந்தையைத் தாய் இடுப்பில் வைத்துக்கொண்டு சாமான் வாங்க நின்றாள். அவர் குழந்தையிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார், அது அழுகையை நிறுத்தியது. நாம் சொல்ல வந்ததைச் சொல்லத் துணியவில்லை. அரைக் கிலோ சீனி வாங்கிக்கொண்டு திரும்பினோம். சொல்லத் துணியாததை இங்கே எழுதுகிறோம். அவர் இவ்விதழைப் படிப்பவர்.

பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! மருத்துவம் முதலில், பொறியியல் அடுத்து என்று நாமும் வீடுதோறும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். வைத்திருங்கள், பிழைப்புக்கு அதுவும் வேண்டும். ஆனால் அதைப் பிள்ளையின் காதுபட உரக்கப் படிக்குமுன், அவன் எங்கே நின்றால் பத்துத் தடவையும் பந்து ஒரே இடத்தில் வருகிறது என்று ஒரு காலைப்பொழுதாவது கூட நின்று பாருங்கள்.