பூனைக்கும் ஓர் இடம்

வீட்டில் வாழும் உயிர்களுள் பூனையைப் போலத் தூய்மை பேணுவது பிறிதொன்று உண்டோ என ஐயுறத் தோன்றும். தன் மேனியைத் தானே நக்கித் துடைத்துக்கொள்ளும். தன் கழிவை மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டே நகரும். முல்லை அரும்புக்குக் காட்டுப்பூனையின் கூரிய பல்லை உவமை கூறினர் சங்கப் புலவர். அந்த நினைவில்தான், மழைநாள் ஒன்றில் டிராம்பேயில் எங்கள் வாயிலில் வந்து நின்ற குட்டிக்கு 'முல்லை' என்று பெயரிட்டேன்.

மருமகள் கருவுற்ற மூன்றாம் மாதத்தில் முல்லைக்குச் சோதனை வந்தது. "பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் பூனை ஆகாது" என்றார்கள் உறவினர். அச்சம் முற்றிலும் பொய்யன்று. டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் பூனையின் மலத்தில் வெளிப்படக்கூடும். கருவிலுள்ள குழந்தைக்கு அது தீங்கு செய்யவல்லது. "மாமா, இதை மட்டும் எங்கும் அனுப்பிவிடாதீர்கள்" என்று மருமகள் கண் கலங்கினாள். மகன் ஒரு வழி சொன்னான்: "மணல் தட்டே வேண்டாம், அப்பா. நம் கழிப்பறையிலேயே போகப் பழக்கிவிடுவோம்."

அன்பர்கள் நகைக்கக்கூடும். ஆனால் இது புதுமையன்று. அமெரிக்க ஜாஸ் இசைமேதை சார்லஸ் மிங்கஸ் தம் பூனைக்கு இதைக் கற்பித்து, அம்முறையை விளக்கிச் சிறு கையேடும் எழுதினார். பூனையின் பெட்டியை நாள்தோறும் சிறிது நகர்த்திக் குளியலறைக்குள் கொண்டுசெல்ல வேண்டும். பின்னர் கழிப்பீடத்தின் மேல் ஏற்ற வேண்டும். அதன் நடுவே துளையிட்டு, துளையை மெல்ல மெல்லப் பெரிதாக்கி, இறுதியில் பெட்டியையே அகற்றிவிட வேண்டும். நன்மைகள் வெளிப்படை. மணல் வாங்கும் செலவு மிச்சம், நாற்றம் குறையும், அள்ளிக் கொட்டும் வேலையும் இல்லை. சிறிய அடுக்கக வீட்டில் இவை அற்ப நன்மைகள் அல்ல.

தொடங்கினோம். முதல் இரு வாரங்கள் முல்லை எங்கள் போக்குக்கு இணங்கியது. துளை பெரிதானபோது வழுவழுப்பான விளிம்பில் நான்கு கால்களையும் குறுக்கி, நடுங்கிக்கொண்டு நின்றது. ஒருநாள் பின்கால் வழுக்கி நீரில் விழுந்தது. அதன்பின் ஒரு பகலும் ஓர் இரவும் அடக்கிக்கொண்டிருந்து, விடியலில் பலகணியில் இருந்த பூந்தொட்டியின் மண்ணைத் தேடிச் சென்றது. மகன் சினந்தான். எனக்குச் சினம் வரவில்லை. அந்த நடுக்கத்தை எங்கோ கண்டதுபோல் இருந்தது.

ஆம், கண்டிருக்கிறேன். 1976ஆம் ஆண்டில், நெருக்கடிநிலைக் காலத்தில், ஜனதா காலனி மக்கள் டிராம்பேயின் சீத்தா கேம்ப்புக்குப் பெயர்க்கப்பட்டபோது எனக்கு வயது பத்து. என் தம்பிக்கு நான்கு. விடியுமுன் தகரக் குவளையுடன் பொதுக்கழிப்பிட வரிசையில் நிற்போம். உள்ளே பெரியவர் அளவுக்கு அமைந்த துளை. இருபுறமும் அகன்ற கால்வைப்புகள். தம்பியின் கால்கள் அங்கே எட்டா. விழுந்துவிடுவோம் என்று நடுங்குவான். வெளியே வரிசை அதட்டும். பிறகு அவன் உள்ளே செல்லவே மறுத்து வெளிச்சாக்கடை ஓரத்தில் அமர்ந்தான். அதைக் கண்டவர்கள் "ஒழுக்கம் கற்றுத்தரவில்லையா?" என்று அம்மாவைக் கேட்டார்கள். அம்மா தலை குனிந்தார்.

அதே ஜனதா காலனியில் வாழ்ந்தவர் ஜோக்கின் அற்புதம். குடிசைவாழ் மக்களுக்காக உழைத்து 2000ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்ற அவரும், மகிளா மிலன் பெண்களும் பிற்காலத்தில் எழுப்பிய பொதுக்கழிப்பிடங்களில் குழந்தைகளுக்கெனத் தனி இடம் வைத்தார்கள். குற்றம் குழந்தையிடம் இல்லை, அளவில் இருந்தது என்பதை உணர்ந்தவர் செய்த செயல் அது. அச்செய்தியை அறிந்த அன்று அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

கால்நடை மருத்துவர் ஒருவரைக் கண்டு கேட்டேன். அவர் கூறியவை என் எண்ணத்தை உறுதிப்படுத்தின. தோண்டிப் புதைப்பது பூனையின் இயல்பூக்கம். அதைத் தடுத்தால் மனம் கலங்கும். முதுமையிலும் நோயிலும் அதனால் விளிம்பில் நிற்க இயலாது. சிறுநீர் குறைவதையும் குருதி கலப்பதையும் மணல் காட்டிக்கொடுக்கும். நீரில் கலந்தால் எவரும் அறியார். அந்த நுண்ணுயிரும் கழிப்பறையில் அழிவதில்லை. சாக்கடை வழியே கடலைச் சேரும். கலிபோர்னியாக் கடலோரத்தில் நீர்நாய்கள் அதனால் மடிந்தன. பூனைக் கழிவைக் கழிப்பறையிலும் சாக்கடையிலும் கொட்டாதீர் என மணல் பைகளில் அச்சிட வேண்டும் என்று 2006இல் அம்மாநிலம் சட்டமே இயற்றியது.

அப்படியானால் கருவுற்றவளுக்குக் காப்பு எது? மலத்தில் வெளிப்பட்ட அந்த உயிர் தொற்றும் நிலையை அடையக் குறைந்தது ஒரு நாளேனும் ஆகும். ஆகவே நாள் தவறாமல் தட்டைத் துப்புரவு செய்தால் ஆபத்து பெரிதும் குறையும். அவ்வேலையைக் கருவுற்றவள் செய்யலாகாது. பூனைக்குப் பச்சை இறைச்சி தருவதும் அதை வெளியே திரியவிடுவதும் கூடா. நன்கு வேகாத இறைச்சியாலும் கழுவாத காய்கறியாலும்கூட இந்நோய் வரும் என்பதால், பூனையை விரட்டிவிட்டு அடுக்களையை மறப்பது அறிவுடைமையாகாது.

மறுநாளே மணல் தட்டு திரும்பி வந்தது. கையுறை அணிந்து நாள்தோறும் அதைத் துப்புரவு செய்யும் பணியை நானே ஏற்றேன். "உங்களுக்கு ஏன் மாமா இந்த வேலை?" என்று மருமகள் கூசினாள். "வரிசையில் நிற்காமல் கிடைத்த வேலையம்மா" என்றேன்.

பேத்தி நலமாகப் பிறந்தாள். இப்போது அவளுக்கு இரண்டு வயது. குளியலறையின் ஒரு மூலையில் அவளுக்கென வாங்கிய சிறிய இருக்கை. மறு மூலையில் முல்லையின் தட்டு. இருவரையும் எவரும் அதட்டுவதில்லை. இரண்டையும் கழுவிவைப்பவன் நான்.